சாரலில் பார்த்த நிலத்தைச் சித்திரையிலும் பாருங்கள்

தென்காசிப் பக்கம் நிலம் வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆனியிலும் ஆடியிலும்தான் வருகிறார்கள். குற்றாலம் ஐந்தருவியில் குளித்துவிட்டு, பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் சாப்பிட்டுவிட்டு, அப்படியே ஒரு தரகரின் காரில் ஏறி இலஞ்சி, பண்பொழி, மேக்கரை என்று ஒரு சுற்று. மேற்கே மலைமேல் மேகம் இறங்கியிருக்கும். வெயிலும் தூறலும் மாறி மாறி வரும். கார் நடவு முடிந்த வயல்கள் பச்சை பிடித்து நிற்கும். அந்த நேரத்தில் இங்கே எந்த நிலத்தைக் காட்டினாலும் வாங்கிவிடத் தோன்றும். விலை சொல்கிறவருக்கும் அது தெரியும்.

நான் சென்னையை விட்டு வந்து பண்பொழிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் குடியிருக்கிறேன். நிலம் பார்த்துத் தரச் சொல்லிக் கேட்கும் நண்பர்களிடம் முதலில் சொல்வது ஒன்றுதான்: முன்பணம் கொடுக்காதீர்கள், ஒரு முழு வருஷம் இங்கே வாடகைக்கு இருந்து பாருங்கள். அதற்குள் விலை ஏறிவிடுமே என்கிறார்கள். ஏறட்டும். சித்திரையில் தண்ணீர் நிற்காத தோட்டத்தை மலிவாக வாங்குவதைவிட, எல்லாப் பருவத்திலும் பார்த்துப் பழகிய நிலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

இந்த ஊரின் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்தால் நான் சொல்வதும் புரியும். செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மலை தாழ்ந்து வழிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் கொட்டியது போக மிச்ச ஈரத்தோடு அந்த வழியாக நுழைகிறது. அதைத்தான் சாரல் என்கிறோம். செங்கோட்டை, குற்றாலம், தென்காசி மூன்றும் கணவாய்க்கு எதிரே இருப்பதால் முதலில் நனைகின்றன. கிழக்கே சுரண்டை, ஆலங்குளம் என்று போகப் போக ஈரம் குறைந்து காற்றுதான் மிஞ்சுகிறது. தரகரின் பேச்சில் எல்லாமே ‘குற்றாலம் பக்கம்’தான். சில கிலோமீட்டர் கிழக்கே தள்ளினால் மண்ணும் பயிரும் கிணற்றின் ஆழமும் வேறு.

சாரல் முடிந்து, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்து பிசான நெல்லுக்குத் தண்ணீர் கொடுக்கும். அதற்குப் பிறகு பங்குனி, சித்திரை. அப்போது அருவிப்பாறை காய்ந்து கிடக்கும், கிணறுகள் அடி தட்டும். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் சொன்னார்: “தம்பி, ஆடியில இங்க பாறையிலகூட தண்ணி வடியும். சித்திரையில எந்தக் கெணத்துல மோட்டார் ஓடுதுன்னு பாத்துட்டு அப்புறமா வெலை பேசுங்க.” இதைவிட நல்ல ஆலோசனையை எந்த வல்லுநரும் எனக்குத் தந்ததில்லை.

தங்குவதற்கு மாத வாடகை வீடும் கிடைக்கும், ஒத்தி வீடும் கிடைக்கும். ஒத்தி என்றால் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து, வாடகை இல்லாமல் இருந்துவிட்டு, காலி செய்யும்போது தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. தென் மாவட்டங்களில் இது சாதாரணம். ஆனால் வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு லட்சங்களைக் கொடுக்க வேண்டாம். சுவாதீனத்தோடு வாங்கும் ஒத்தி சட்டப்படி அடமானம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அடமானம் பதிவு செய்யப்பட வேண்டும். வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். இதைக் கேட்டால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பாரோ என்று தயங்க வேண்டியதில்லை. நேர்மையானவர்கள் தாங்களே சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

நிலத்துக்கு வருகிறேன். இங்கே ஒரு வயலின் மதிப்பு அது எந்தக் குளத்துப் புரவில், அதாவது பாசனப் பரப்பில், இருக்கிறது என்பதில் இருக்கிறது. மேக்கரையில் அடவிநயினார் அணை, உயரம் 132 அடி. அதிலிருந்து வரும் அனுமன் நதியின் தண்ணீர் கால்வாய்களுக்கும் குளங்களுக்கும் போய், மடை வழியாக வயலுக்கு வருகிறது. செங்கோட்டைக்கு மேலே உள்ள குண்டாறு அணை 36 அடிதான். சாரல் நன்றாகப் பிடித்தால் சீக்கிரம் நிரம்பிவிடும், அதே வேகத்தில் இறங்கவும் செய்யும். உங்கள் வயல் மடைக்குப் பக்கத்திலா, கடைசிப் பாசனத்திலா? முறை வைத்துத் தண்ணீர் விடும்போது எத்தனையாவது நாள் உங்களுக்கு வரும்? இதற்கெல்லாம் பத்திரத்தில் பதில் இருக்காது. கீழே உழுகிற விவசாயியிடம்தான் இருக்கும்.

மறுபக்கமும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையையும், 2024 டிசம்பரில் குற்றாலத்திலும் தென்காசியிலும் வந்த வெள்ளத்தையும் ஊரார் மறக்கவில்லை. வாங்கப்போகும் நிலத்தைக் காட்டி, அந்த நாட்களில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வயல்காரரிடம் கேளுங்கள். குளத்து உள்வாயை ஒட்டிய நிலம் கோடையில் சமதரையாக, வீடு கட்ட அழைப்பதுபோல இருக்கும். குளம் பெருகினால் அது குளத்தின் இடம்.

இனி ஆவணங்கள். பட்டா, சிட்டா, புலப்படம், ‘அ’ பதிவேடு, வில்லங்கம் இவற்றை இணையத்திலேயே பார்த்துவிடலாம். பட்டாவில் அளவு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். தரகர் செண்டில் பேசுவார். பெரியவர்கள் இன்னும் மரக்கால், கோட்டை விதைப்பாடு என்பார்கள். ஒரு ஏர் என்பது 2.47 செண்ட். பேச்சு எதில் நடந்தாலும் பணம் புலப்படத்து அளவுக்குத்தான். கட்டணம் கட்டிச் சர்வேயரை வரவழைத்து, கல் ஊன்றிய பிறகு மீதியைக் கொடுங்கள். அடங்கலையும் சில பசலிகளுக்கு (வருவாய் ஆண்டுகளுக்கு)ச் சேர்த்து கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். அந்த நிலத்தில் உண்மையில் என்ன விளைந்தது, எந்தப் பாசனத்தில் விளைந்தது என்று அது சொல்லும். இரண்டு போகம் விளையும் என்று விற்கப்பட்ட நிலத்தின் அடங்கலில் தொடர்ந்து தரிசு என்றிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

கையெழுத்துகளில் நான் மிகவும் கவனிப்பது மகள்களுடையது. 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் பூர்வீகச் சொத்தில் அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்கும் மகன்களோடு சம உரிமை கொடுத்தது, 2005-இல் அது எல்லா மகள்களுக்குமாக நாடு முழுவதற்கும் வந்தது. ஆனாலும் அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்ட பாகப்பிரிவினைகள் இன்றும் உலவுகின்றன. கட்டிக்கொடுத்த ஊரில் பீடி சுற்றிக் குடும்பம் நடத்தும் ஒரு பெண்ணின் பங்கு அதில் மறைந்திருக்கலாம். வழக்கு வரும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அவருக்குச் சேர வேண்டியதை நாம் விலை கொடுத்து மறைத்துவிடக் கூடாது. நிபந்தனையோடு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலமும் அப்படித்தான். யார் எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் அந்தப் பக்கம் போக வேண்டாம். கோயில் நிலத்தில் ‘சாகுபடி உரிமை’ என்று சொல்லி விற்பது நிலத்தை விற்பது ஆகாது.

செங்கோட்டைப் பகுதிக்கு ஒரு தனிக் குறிப்பு. 1956 நவம்பர் 1 வரை அது நமது மாநிலத்தில் இல்லை, திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. மூலப்பத்திரம் அந்தக் காலத்துக்குப் போகுமானால் அதைப் படித்துப் பழகிய உள்ளூர்ப் பத்திர எழுத்தரிடம் காட்டுங்கள். மலையடிவாரக் கிராமமானால் அது ஹாக்கா என்னும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். பட்டியலில் இருந்தால் கட்டடம் கட்டவும் மனை பிரிக்கவும் தனி அனுமதி வேண்டும். பத்திரச் செலவு என்று அரசு வழிகாட்டி மதிப்பில் ஏறத்தாழ 9 சதவீதம் (முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2) தனியாக எடுத்து வையுங்கள்.

மத்தளம்பாறையில் சோஹோ மென்பொருள் நிறுவனம் 2011-இல் அலுவலகம் திறந்தது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அங்கேயே வந்து குடியேறினார். கிராமத்துப் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகாமல் கணினி வேலை பார்க்கிறார்கள் என்பது இந்த வட்டாரத்துக்குக் கிடைத்த பெரிய நன்மை. 2019 நவம்பர் 22 முதல் தென்காசி தனி மாவட்டமும் ஆனது. இந்த இரண்டையும் காட்டித்தான் இன்று மனை விற்கிறார்கள். அங்கீகாரம் இருக்கிறதா, ரெரா எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் ஏமாற மாட்டீர்கள். என் மனக்குறை வேறு. புரவின் நடுவில் ஒரு நஞ்சையை மண் கொட்டி மேடாக்கினால் வாய்க்கால் அங்கே அறுபடுகிறது, கீழே உள்ளவர்களின் வயல் காய்கிறது. பிறகு அவர்களும் விற்கிறார்கள். வீட்டு மனை வேண்டுமானால் ஊர் நத்தத்தையோ புஞ்சையையோ பாருங்கள். நெல் விளைகிற மண்ணை விட்டுவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலீடு என்றதும் பலருக்கு விடுதி கட்டும் எண்ணம் வருகிறது. கூட்டம் சேருவது சாரல் பிடிக்கும் மூன்று மாதமும், ஐயப்ப பக்தர்கள் வரும் கார்த்திகை, மார்கழியும். மற்ற நாட்களில் அறைகள் பூட்டிக் கிடக்கும், பராமரிப்புச் செலவு நிற்காது. சாரல் தள்ளிப்போகிற வருஷங்களும் உண்டு. மலையோரத்தில் ஓடையைத் திருப்பித் தனி அருவி அமைத்து ஆள் பிடித்தவர்கள்மீது நடவடிக்கை எடுக்க 2022-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. அது சரியான உத்தரவு. அந்த ஓடைதான் கீழே குளத்துக்கு வரவேண்டிய தண்ணீர்.

தென்னந்தோப்பு வாங்குவதானால் ஓலையைப் பாருங்கள். கேரள வேர்வாடல் நோய் கணவாய் கடந்து செங்கோட்டைப் பக்கம் வந்துவிட்டது. ஓலை மஞ்சளித்து, இலைகள் உள்நோக்கி வளைந்து விலா எலும்புபோல் தெரிந்தால் அதுதான். அதற்கு முழுமையான மருந்து கிடையாது. வடகரை, மேக்கரையில் காட்டோரத் தோப்பானால், குருத்துப் பிடுங்கப்பட்டுச் சாய்ந்த மரங்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். யானை வந்த தடம் அது. காட்டுப்பன்றிக்கும் சேர்த்து வேலிச் செலவைக் கணக்கில் வையுங்கள். எலுமிச்சைக்கு ஆசைப்படுகிறவர்கள் புளியங்குடிச் சந்தைக்குப் போய், வரத்து மிகுந்த நாளிலும் குறைந்த நாளிலும் விலை எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

குற்றாலத்துக்கு வெளிப்பணம் புதிதல்ல. 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே வாசனைப்பயிர்த் தோட்டம் போட்டு ஜாதிக்காயும் கிராம்பும் வளர்த்தது. இரண்டுக்கும் பூர்வீகம் இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். சீசனில் கடைகளில் குவியும் ரம்புட்டானும் மங்குஸ்தானும்கூட அந்தத் திசையிலிருந்து வந்தவைதான். இந்த மரங்களுக்கு ஈரக்காற்றும் நிழலும் வேண்டும். விதைக்கன்றானால் மங்குஸ்தான் காய்க்கவே எட்டுப் பத்து வருஷம் ஆகும். குற்றாலச் சரிவில் செழிக்கிறதே என்று பாவூர்சத்திரத்துச் செம்மண்ணுக்குக் கன்று வாங்கிப் போகாதீர்கள். அந்த மண்ணில் காய்கறி நன்றாக வரும், சந்தையும் பக்கத்திலேயே இருக்கிறது, கேரளத்து லாரிகளும் வருகின்றன.

ஊரோடு இருப்பதைப் பற்றி. கோயில் கொடை விழாவுக்கு அழைத்தால் போங்கள். வில்லுப்பாட்டு விடியவிடிய நடக்கும், கடைசிவரை உட்கார்ந்திருங்கள். வயதில் மூத்தவரை அண்ணாச்சி, அக்கா, ஆச்சி என்று கூப்பிடுங்கள். மளிகையை ஊர்க் கடையிலேயே வாங்குங்கள். கூலியை உள்ளூர் வழக்கத்துக்குக் குறையாமல் அன்றைக்கே கொடுங்கள். கேரளத்தில் இதைவிடக் கூடுதல் கூலி கிடைக்கும் என்று தெரிந்தும் உங்கள் தோட்டத்துக்கு வருகிறவர்கள் அவர்கள். நேரமும் பணமும் கொஞ்சம் கொடுக்க முடிந்தவர்கள் ஆய்க்குடி அமர்சேவா சங்கத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்காக 1981 முதல் நடக்கும் நிறுவனம். இந்த மண்ணில் என்ன செய்ய முடியும் என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குச் சில வார்த்தை. சென்னையில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் தென்காசி. செங்கோட்டையிலிருந்து புனலூர் வழியாகக் கொல்லம் போகும் ரயிலில் பகலில் ஒருமுறை பயணம் செய்யுங்கள். 1904-இல் போட்ட மலைப்பாதை, அகலப்பாதையாகி 2018-இல் மறுபடி திறந்தது. குகைகளும் பதிமூன்று கண் பாலமும் அந்த வழியில்தான். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருந்தால் வரப்பில் நின்று படம் எடுங்கள், வயலுக்குள் இறங்க வேண்டாம். கடையத்துக்குப் போனால் அது பாரதியின் மனைவி செல்லம்மாவின் ஊர், பாரதி 1918 முதல் 1920 வரை இருந்த ஊர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்குத் தடை உண்டு. பேரருவியில் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் போலீஸார் குளிக்க விடமாட்டார்கள், வாதாடாதீர்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் கண்மூடித் திறப்பதற்குள் வந்த வெள்ளத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே காட்டில் மழை பெய்துகொண்டிருக்கும். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் கம்பும் விழுந்தாலோ, அறிவிப்புக்குக் காத்திராமல் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியேறுங்கள்.

வயதான பெற்றோரோடு குடிவர நினைப்பவர்கள், வீடு பார்க்கும் நாளிலேயே அந்தத் தெருவிலிருந்து தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனைக்கு இரவு நேரத்தில் ஒருமுறை வண்டி ஓட்டிப் பாருங்கள். இருதய, மூளைச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் பாளையங்கோட்டைக்குத்தான் போகவேண்டியிருக்கும். அந்தத் தூரத்தையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, எந்தக் கிராமம் என்பதை முடிவு செய்யுங்கள்.