நடுராத்திரியில் செல்போன், நெஞ்சில் படபடப்பு!

கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்குப் பயம் புதிதல்ல. அந்தக் காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்ன கதைகளைக் கேட்டுப் பயந்தார்கள். இப்போது அந்தத் திண்ணை செல்போனாக மாறி, தலையணைக்கு அடியில் வந்துவிட்டது. பாட்டியாவது இருட்டியதும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். செல்போன் போகாது!

செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கம் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். சிறுசேரியிலும் மகேந்திரா வேர்ல்டு சிட்டியிலும் கம்ப்யூட்டர் முன்னால் வேலை பார்க்கும் பெண்ணும் சரி, கோவளம், சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் மீன் விற்கும் பெண்ணும் சரி, வயிற்றில் ஏதாவது சுருக்கென்றால் முதலில் எடுப்பது செல்போனைத்தான்.

தேடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விவரம் தெரிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் எதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம், எதற்குப் போனை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

நெட்டுக்கு உங்களைத் தெரியாது

ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். மூத்த பிள்ளைக்கு நாலு வயது. வயிற்றில் இரண்டாவது, 22 வாரம். பகலெல்லாம் ஆபீஸ் வேலை. ராத்திரி 11 மணிக்குப் பிள்ளையைத் தூங்க வைத்த பிறகுதான் தன் உடம்பு ஞாபகம் வருகிறது. 'அடிவயிறு இழுக்கிறது, ஏன்?' என்று தட்டுகிறார். பத்துப் பதில் வருகிறது. ஒன்பது பதில், 'கருப்பை வளரும்போது அதைத் தாங்கும் நாண்கள் இழுபடும், இது சகஜம்' என்கிறது. ஒன்று மட்டும் பயமுறுத்துகிறது. கண் அந்த ஒன்றில்தான் போய் நிற்கும். அதைத் தொட்டுப் படித்தால், அதே மாதிரி இன்னும் நாலு தானாக வந்து நிற்கும். பார்ப்பதையே மேலும் மேலும் காட்டும்படிதான் அவை அமைக்கப்பட்டிருக்கின்றன.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். சுகமாகப் பெற்றெடுத்தவர் பெரும்பாலும் எதையும் எழுதுவதில்லை. கஷ்டப்பட்டவர்தான் எழுதுகிறார். அதனால் ஊரில் நடப்பதைவிடப் பல மடங்கு ஆபத்து நெட்டில் தெரிகிறது. உங்கள் ரத்த அழுத்தம் என்ன, ரத்தத்தில் இரும்புச் சத்து எவ்வளவு, முதல் பிரசவம் எப்படி ஆயிற்று என்பது அதற்குத் தெரியாது. உங்களைத் தொட்டுப் பார்க்கும் டாக்டருக்கும் கிராம சுகாதார நர்சுக்கும்தான் தெரியும்.

அடக்கக் கூடாத வேகங்கள்

உடம்பில் தானாக எழும் பதினான்கு வேகங்களை அடக்கக் கூடாது என்று சித்த மருத்துவம் சொல்கிறது. பசி, தாகம், தூக்கம், சிறுநீர், மலம் எல்லாம் அதில் அடக்கம். செல்போனோடு உட்காரும் கர்ப்பிணி எத்தனை வேகங்களை அடக்குகிறார் என்று எண்ணிப் பாருங்கள். 'இந்த ஒன்றைப் படித்துவிட்டுப் போகலாம்' என்று சிறுநீரை அடக்குகிறார். வேலை முடியட்டும் என்று பசியையும் தாகத்தையும் தள்ளிப் போடுகிறார். ராத்திரி தூக்கத்தை அடக்குகிறார்.

இது வெறும் பழங்கதை இல்லை. கர்ப்ப காலத்தில் சிறுநீர்ப் பாதை தளர்ந்திருக்கும். சிறுநீர் தேங்கினால் கிருமி எளிதில் தொற்றும். அது சிறுநீரகம் வரை ஏறினால் குளிர்ஜுரம் வரும், குறைப்பிரசவத்திலும் கொண்டுபோய் விடலாம். தூக்கம் கெட்டால் மறுநாள் நெஞ்சு படபடக்கும். படபடப்பு வந்ததும், 'படபடப்பு ஏன்?' என்று மறுபடி தேடல்! கவலை தூக்கத்தைக் கெடுக்கிறது, கெட்ட தூக்கம் கவலையை வளர்க்கிறது. செக்குமாடு மாதிரி இப்படியே சுற்றி வருகிறது.

வாரக் கணக்கும் மாதக் கணக்கும்

'போன் 40 வாரம் என்கிறது, மாமியார் பத்து மாசம் என்கிறார், எது சரி சார்?' என்று கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள். அதை ஏழால் வகுத்தால் 40 வாரம். 28 நாளை ஒரு மாதமாக எண்ணினால் பத்து மாதம்.

ஆனால் போனில் காட்டும் தேதியைக் கல்யாண முகூர்த்தம் போல நினைக்காதீர்கள். அந்தத் தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் 20-க்கு ஒன்றுதான். 37 வாரம் முடிந்த பிறகு வந்தால் குறைப்பிரசவம் இல்லை. தேதி தாண்டிவிட்டால் எத்தனை நாள் காத்திருக்கலாம் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும், போன் அல்ல.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் மூன்று பூதங்கள்

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் ஒவ்வொரு வார்த்தையாக நெட்டில் தேடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அடிக்கடி பயமுறுத்தும் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

1. 'நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது': ஐந்தாம் மாத ஸ்கேனில் இப்படி வருவது சகஜம். கருப்பை மேல்நோக்கி வளரும்போது பெரும்பாலோருக்கு நஞ்சும் மேலே போய்விடும். எட்டாம் மாத வாக்கில் மறுபடி ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். அதுவரை ரத்தம் பட்டால் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

2. 'குழந்தையின் இதயத்தில் வெண்புள்ளி': இதயத் தசையில் சிறிது சுண்ணாம்புச் சத்து படிந்திருப்பது ஸ்கேனில் வெள்ளையாகத் தெரிகிறது. ஆசிய நாட்டவரிடம் இது அதிகம். மற்ற உறுப்புகளும் பரிசோதனைகளும் சரியாக இருந்து, இது மட்டும் இருந்தால் இதய நோய் என்று அர்த்தமில்லை.

3. 'கொடி கழுத்தைச் சுற்றியிருக்கிறது': மாலை சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்று சொல்லி, எண்ணெயில் முகம் பார்க்கச் சொல்வார்கள். மாமனுக்கும் ஒன்றும் ஆகாது, பெரும்பாலும் குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது. சுமார் நாலு குழந்தைகளில் ஒன்று இப்படித்தான் பிறக்கிறது. தலை வந்ததும் கொடியை எடுத்துவிடுவது பிரசவம் பார்ப்பவர்களின் அன்றாட வேலை.

கேள்விகளை மூன்று கூடையில் போடுங்கள்

முதல் கூடை, உடனே கிளம்ப வேண்டியவை: ரத்தம் படுதல், பனிக்குட நீர் கசிதல், விடாத தலைவலி, கண் மங்குதல், முகம் வீங்குதல், மேல்வயிற்றில் கடும் வலி, வலிப்பு, மூச்சுத் திணறல், குளிர்ஜுரம், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, 37 வாரத்துக்கு முன் விட்டுவிட்டு வரும் வலி, குழந்தையின் அசைவு குறைதல். இதில் எது வந்தாலும் போனில் தட்ட வேண்டியது 108 மட்டும்தான்.

இரண்டாம் கூடை, டாக்டரிடம் கேட்க வேண்டியவை: சிறுநீர் எரிச்சல் இருந்தால் அன்றைக்கே காட்டுங்கள். கால் வீக்கம், அரிப்பு, சர்க்கரைப் பரிசோதனை, ஸ்கேனில் புரியாத வார்த்தை போன்றவற்றை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வையுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பாதி கேள்வி மறந்துபோகும், நோட்டு மறக்காது. ஆனால் அரிப்பு உள்ளங்கை, உள்ளங்காலில் அதிகமாக இருந்தால் அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டாம்.

மூன்றாம் கூடை, உடம்பின் இயல்பு: மசக்கை, நெஞ்செரிச்சல், இடுப்பு வலி, மறதி, காரணமில்லாத அழுகை. இவற்றைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் படியுங்கள், ஆனால் பகலில் படியுங்கள்.

அசைவைக் குறித்து ஒரு வார்த்தை. முதல் பிரசவமானால் 18 முதல் 20 வாரத்துக்குள்ளும், அடுத்ததானால் கொஞ்சம் முன்னதாகவும் துடிப்பு தெரியும். 28 வாரத்துக்குப் பிறகு தினமும் சாப்பிட்டதும் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வர வேண்டும். வராவிட்டாலோ, வழக்கத்தைவிடக் குறைந்தது போல் தோன்றினாலோ அப்போதே ஆஸ்பத்திரி. 'சர்க்கரைத் தண்ணீர் குடித்துப் பார்க்கலாம், காலையில் போகலாம்' என்று இருக்காதீர்கள். இதயத் துடிப்பு கேட்கும் கருவியை ஆன்லைனில் வாங்கி வைத்துவிட்டு, 'டப் டப் என்று கேட்கிறதே' என்று ஏமாறவும் வேண்டாம். உங்கள் இதயத் துடிப்பே அதில் கேட்கலாம்.

பிரசவம் படம் பார்த்துச் செய்யும் வேலையா?

2018 ஜூலையில் திருப்பூரில் நடந்ததைப் பலர் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். யூடியூப் படங்களைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில், பள்ளி ஆசிரியையான இளம் தாய் ரத்தப்போக்கால் இறந்தார். குழந்தை பிழைத்தது. அதற்குப் பிறகும், 2024 நவம்பரில் நம் பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்துக் குன்றத்தூர்ப் பகுதியில், ஆயிரம் பேருக்கு மேல் இருந்த வாட்ஸ்அப் குழுவின் பேச்சைக் கேட்டு ஒரு தம்பதி வீட்டில் பிரசவம் பார்த்தார்கள். தாயும் சேயும் தப்பியதே பெரிய விஷயம். செய்தி போலீஸ் வரை போயிற்று.

'எங்க பாட்டி எட்டுப் பிள்ளையை வீட்டில்தானே பெத்தாங்க?' என்று கேட்கலாம். பெற்றார்கள். எத்தனை பாட்டிகள் பெறும்போதே போனார்கள் என்பதை அதே வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. பிரசவமானதும் கருப்பை இறுகாவிட்டால் அந்த ரத்தம் வெளியே கொட்டும். ஊசி, ரத்தம், அறுவை அறை இவை பக்கத்தில் இல்லாவிட்டால் கண் முன்னால் உயிர் போகும். சித்த மருத்துவன் என்ற முறையில் அழுத்தமாகவே சொல்கிறேன்: 'இயற்கை', 'பாரம்பரியம்' என்ற பெயரைச் சொல்லி யாராவது ஆஸ்பத்திரி வேண்டாம் என்றால், அது சித்த மருத்துவம் இல்லை.

மாமல்லபுரம் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். ராத்திரி இரண்டு மணிக்கு யார் கூட வருவார்கள், மூத்த பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை எட்டாம் மாதமே பேசி முடிவு செய்யுங்கள். இந்த ஏற்பாடு முடிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

ஆன்லைன் லேகியம் வேண்டாம்

'குழந்தை சிவப்பாகப் பிறக்க', 'ஆண் வாரிசுக்கு' என்று மூலிகைப் பொடிகள் போனில் விளம்பரமாக வருகின்றன. குங்குமப்பூ குழந்தையின் நிறத்தை மாற்றாது. ஆண், பெண் என்பது கருத்தரிக்கும் கணத்திலேயே முடிவாகிவிடுகிறது. அதை ஸ்கேனில் பார்த்துச் சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பாதரசம், உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரங்களை நீங்களாக வாங்கிச் சாப்பிடவே கூடாது. பப்பாளிக் காய், கற்றாழையின் மஞ்சள் பால் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். சித்த மருத்துவ ஆலோசனை வேண்டுமானால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பல அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவும் இருக்கிறது. நேரில் வாருங்கள்.

வீட்டில் பயமில்லாமல் செய்யக் கூடியவையும் உண்டு. மசக்கைக்கு நெற்பொரிக் கஞ்சி, சிறு துண்டு இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீர். மலச்சிக்கலுக்கு ஊற வைத்த உலர் திராட்சை, கீரை, போதிய தண்ணீர். சர்க்கரை உள்ளவர்கள் திராட்சையைக் கேட்டுச் சாப்பிடுங்கள். கடற்கரைக்காரர்களுக்கு நெத்திலி, மத்தி போன்ற சின்ன மீன் அருமையான உணவு. சுறா மாதிரிப் பெரிய மீன்களில் பாதரசம் சேரும் என்பதால் அவை வேண்டாம். முருங்கைக் கீரை சாப்பிடுகிறோமே என்று சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். அதை டீ, காபியோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடாதீர்கள்.

கவலையே நோயானால்?

வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 100-க்குச் சுமார் 16 பேருக்கு மனநலக் கோளாறு, முக்கியமாக மனச்சோர்வு, வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எந்நேரமும் ஏதோ நடக்கப்போகிறது என்ற பயம், செத்துப்போகலாமா என்ற எண்ணம் இருந்தால், 'எல்லாம் மனசுதான், தைரியமா இரு' என்று சொல்லி ஒதுக்காதீர்கள். அதுவும் வைத்தியம் பார்க்க வேண்டிய நோய்தான். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இலவசமாக, ராப்பகலாக, தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேலை உண்டு. மனைவிக்குத் தெரியாமல் நீங்களும் ராத்திரியில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்! அந்த நேரத்தில் மூத்த பிள்ளையைத் தூங்க வையுங்கள். அடுத்த பரிசோதனைக்குக் கூடப் போய் நோட்டில் பதில்களை நீங்கள் எழுதுங்கள். கம்ப்யூட்டர் தெரிந்தவரானால் பிக்மி இணையதளத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்து 12 இலக்க எண்ணை வாங்கி வையுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் மகப்பேறு உதவித் தொகைக்கும் அதைக் கேட்பார்கள். நெட்டை இப்படிப் பயன்படுத்தினால் நல்லது.

இன்று ராத்திரியே தொடங்குங்கள்

* ஒன்பது மணிக்கு மேல் போன் கூடத்தில் இருக்கட்டும், சத்தத்தை மட்டும் அணைக்க வேண்டாம்.
* தலைமாட்டில் நோட்டும் பேனாவும் இருக்கட்டும். பயம் வந்தால் எழுதுங்கள், எந்தக் கூடை என்று பாருங்கள்.
* முதல் கூடையானால் கிளம்புங்கள். மற்றதானால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்து, இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள்.

அந்தக் கேள்வி காலையிலும் நோட்டில் இருக்கும். விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம். இப்போது உங்களுக்கும் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் வேண்டியது தூக்கம்.