லாரி ஆபீஸுக்கு ஃபயர்வால் போடும் முறை

நாமக்கல், சங்ககிரி லாரி ஆபீஸ்களிலும் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளிலும் பெரும்பாலும் ஒரே இன்டர்நெட் இணைப்புதான். டேலியும் இ-வே பில்லும் ஓடும் கணினி, சிசிடிவியின் டி.வி.ஆர்., வந்துபோகிறவர்களின் செல்போன் எல்லாம் அதே ரவுட்டரில் தொங்கும். உள்ளிருந்து யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வருவதை அந்த ரவுட்டர் பொதுவாக உள்ளே விடாது. ஆபத்து பெரும்பாலும், பிறகு நாமே திறந்துவிடும் வழிகளில்தான்.

முதலில் ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, உள்ளிருக்கும் கருவிகள் தாமே போர்ட் திறக்கவிடும் யு.பி.என்.பி.யை அணைக்க வேண்டும்.

அடுத்தது, வெளியிலிருந்து உள்ளே ஒரு கருவிக்கு வழி திறக்கும் போர்ட் ஃபார்வர்டிங்; பலரும் சறுக்குவது இங்கேதான். முதலாளி வீட்டிலிருந்தே டேலி பார்க்க ஸ்டேடிக் ஐ.பி. வாங்கி, ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389-ஆம் போர்ட்டைத் திறந்துவிடுகிறார்கள். காரியம் அன்றே நடந்துவிடும். அப்புறம் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இணையம் முழுவதையும் ஓயாமல் துழாவும் நிரல்கள் அந்தப் போர்ட்டைக் கண்டுபிடித்து, பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். எண்ணை 33890 என்று மாற்றி வைப்பது பாதுகாப்பே அல்ல. புகுந்தவர்கள் டேலி டேட்டாவையும், கூடவே செருகியிருக்கும் பேக்கப் டிஸ்க்கையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் 445-ஆம் போர்ட் வழியாகப் பரவியது. மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டிருந்தும், வயநாட்டின் தரியோடு ஊராட்சி அலுவலகக் கணினிகள்கூடத் தப்பவில்லை.

ஆகவே ஃபார்வர்டிங் பட்டியலில் உள்ள அத்தனையையும் அழித்துவிட வேண்டும், டி.வி.ஆருக்குப் போட்டதையும் சேர்த்து. 2016-இல் மிராய் என்ற தீநிரல் தொற்றிப் பரவியது, மாற்றப்படாத பாஸ்வேர்டு கொண்ட கேமராக்களிலும் டி.வி.ஆர்.களிலும்தான். வெளியிலிருந்து பார்க்க வயர்கார்டு விபிஎன் போதும்; சாவி இல்லாதவருக்கு அது பதிலே சொல்லாது. ரவுட்டர் காட்டும் வெளி ஐ.பி. 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், அது பலருக்கும் பொதுவான முகவரி; ஸ்டேடிக் ஐ.பி. வாங்காமல் ஆபீஸில் வைத்த விபிஎன்னை வெளியிலிருந்து எட்ட முடியாது. முடித்ததும் போனில் வைஃபையையும் விபிஎன்னையும் அணைத்து, மொபைல் டேட்டாவில் பழைய முகவரியைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்தால் வேலை முடியவில்லை.

பிறகு நெட்வொர்க்கைக் கணக்கு, கேமரா, விருந்தினர் வைஃபை என மூன்றாகப் பிரிக்க வேண்டும். தனிப் பெட்டி வாங்க மனமில்லாதவர்கள், இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள பழைய கணினியில் இலவச ஃபயர்வால் மென்பொருளான ஓபிஎன்சென்ஸைப் போட்டு, ஒரே ஒயரில் பல நெட்வொர்க்குகளைப் பிரிக்கும் விலான் தெரிந்த ஒரு சுவிட்ச்சைச் சேர்த்தால் போதும். இணைப்புக்காரரின் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றுவது நல்லது. ஓபிஎன்சென்ஸில் ஃபயர்வால் விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் பொருந்துவதே செல்லும். 'கேமராவிலிருந்து கணக்குக்குத் தடை' மேலேயும், 'கேமராவிலிருந்து எங்கும் அனுமதி' கீழேயும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் தடை வேலையே செய்யாது. திரையில் மட்டும் அழகாகத் தெரியும். கேமரா ஒயரை லேப்டாப்பில் செருகி, கணக்குக் கணினியின் ஷேர் ஃபோல்டர் திறக்கிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

மெயிலில் வரும் போலி இன்வாய்ஸை ஊழியர் திறந்தால் ஃபயர்வால் மட்டும் காப்பாற்றாது. அதற்காக, கழற்றித் தனியே வைத்த பேக்கப் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி நிறுவனங்கள் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இத்தகைய சைபர் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்கவும் வேண்டும். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.