காது குத்தும் முன் கம்மலைப் பாருங்கள்

சென்ற பெருநாள் கழிந்த சில நாட்களில், மருத்துவ உதவி கேட்டு எக்கியார்குப்பம் பக்கமிருந்து ஒரு தாய் நம்மிடம் வந்தார். கூடவே ஏழு வயது மகள். பிள்ளையின் இரண்டு காதும் சிவந்து, நீர் வடிந்து, பொருக்குக் கட்டியிருந்தன. குத்திய இடத்தில் சீழ் பிடித்துவிட்டது என்று நினைத்து மூன்று தடவை மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். மாத்திரை தீர்ந்தது, அரிப்பு தீரவில்லை. தோல் மருத்துவர் சொல்லிக் கம்மலைக் கழற்றிய பிறகுதான் காது காய ஆரம்பித்தது. பிள்ளையைப் படுத்தியது கிருமி அல்ல, கவரிங் கம்மலில் இருந்த நிக்கல் என்னும் உலோகம்.

தங்கம் விற்கிற விலையில், "இப்போதைக்குக் கவரிங் போடுவோம், பிறகு தங்கம் வாங்கிக்கொள்ளலாம்" என்று பல வீடுகளில் முடிவு செய்கிறோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. காது நன்றாக ஆறிய பிறகு கவரிங் போட்டால் ஆபத்து குறைவு. ஆறாத பச்சைப் புண்ணுக்குள் அதைப் போடுவதுதான் பெரிய தவறு.

காரணத்தைச் சொல்கிறோம். கவரிங் நகையின் உள்ளே இருப்பது செம்பு அல்லது பித்தளை. மேலே மெல்லிய தங்க முலாம். பல நகைகளில் இந்த இரண்டுக்கும் நடுவே நிக்கல் பூச்சு இருக்கும். முலாம் தேய்ந்ததும் வியர்வையில் உள்ள உப்பு நிக்கலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். உப்பளத்திலும் கரையிலும் வெயிலில் வேலை செய்கிற நம் பக்கத்து மக்களுக்கு வியர்வைக்கா பஞ்சம்! கரைந்த நிக்கல் புண் வழியாக உள்ளே போகும்போது உடல் அதை எதிரியாகப் பதிந்து வைத்துக்கொள்கிறது. ஒருமுறை பதிந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க மறக்காது. பிறகு கைக்கடிகாரம், பேண்ட் பட்டன், ஹிஜாபுக்குக் குத்தும் மலிவான ஊக்கு என்று எது பட்டாலும் அந்த இடம் அரிக்கும். ஏழு வயதில் போட்ட கம்மலுக்கு நாற்பது வயதிலும் சொறிந்துகொண்டிருக்க நேரும்.

இது நம் ஊர்த் தொல்லை மட்டுமல்ல. டென்மார்க் நாடு 1990-லேயே நகைகளிலிருந்து வெளியாகும் நிக்கலுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 1994-ல் ஐரோப்பிய ஒன்றியமும் சட்டம் செய்தது. அதன் பிறகு காது குத்திய இளம்பெண்களிடம் இந்த ஒவ்வாமை அங்கே குறைந்தது. நாமோ கடையில் டிசைனைக் கேட்கிறோம், விலையைக் கேட்கிறோம், நிக்கல் உண்டா என்று கேட்பதில்லை.

அப்படியானால் முதலில் எதைப் போடுவது? 22 காரட், அதாவது 916 ஹால்மார்க் தங்கத்தில் சிறு பொட்டுக் கம்மல் போதும். அதில் தங்கத்தோடு கலப்பது பெரும்பாலும் வெள்ளியும் செம்பும்தான். வாங்கும்போது திருகாணியையும் பாருங்கள். கம்மல் தங்கமாக இருந்து, பின்னால் திருகுவது வேறு உலோகமாக இருந்தால் காதின் பின்பக்கம் புண்ணாகும். வெள்ளைத் தங்கத்தில் நிக்கல் கலந்திருக்கலாம். 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்று விற்பதிலும் நிக்கல் உண்டு. பலருக்கு அது ஒத்துக்கொள்ளும், ஆனால் ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். தங்கம் முடியாதவர்கள் உடலுக்குள் பொருத்தும் தரத்திலான டைட்டானியம் கம்மல் கேட்டு வாங்கலாம். அதுவும் கிடைக்கவில்லையா, காது குத்துவதைத் தள்ளிப் போடுங்கள். பிள்ளைக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

கம்மல் தண்டில் நெயில் பாலிஷ் பூசினால் அரிக்காது என்று சிலர் சொல்வார்கள். ஆறிய காதுக்குச் சில நாள் உதவும், பிறகு உரிந்துவிடும். புதுப் புண்ணில் வேண்டாம்.

ஒவ்வாமையா, கிருமியா என்று அறிய ஓரளவு வழி இருக்கிறது. ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் இரண்டு காதும் ஒன்றுபோல அரிக்கும், செதிலாக உரியும், தெளிந்த நீர் கசியும். கிருமி என்றால் பல நேரம் ஒரு காது மட்டும் வீங்கும், சூடாக இருக்கும், விண்விண் என்று வலிக்கும், மஞ்சள் சீழ் வரும். காய்ச்சல் வந்தாலோ, காதின் மேல் குருத்தெலும்பு வீங்கினாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. தாமதித்தால் காதின் வடிவமே கெட்டுவிடும். நம் பாட்டிமார் காது விளிம்பு நெடுக ஓட்டை போட்டு வளையம் மாட்டியது உண்மைதான். ஆனால் அன்று பட்ட அவதியை யாரும் எழுதி வைக்கவில்லை.

நிக்கல்தான் காரணமா என்று உறுதி செய்யத் தோல் மருத்துவர்கள் 'பேட்ச் டெஸ்ட்' செய்வார்கள். முதுகில் சிறு பட்டைகளை ஒட்டி இரண்டு நாள் வைத்திருந்து பார்ப்பார்கள். நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மர் தோல் பிரிவில் விசாரிக்கலாம்.

குத்துகிறவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, புது ஊசியை உங்கள் கண் முன்னே பிரிக்க வேண்டும். ஒருவருக்குக் குத்திய ஊசி அடுத்தவருக்குக் கூடாது. மஞ்சள் காமாலைக் கிருமி அப்படியும் பரவும். கைக்குழந்தை என்றால் தடுப்பூசி அட்டையைப் பார்த்து, ஆறு, பத்து, பதினான்காம் வார ஊசிகள் முடிந்த பிறகு குத்துங்கள். குடும்பத்தில் யாருக்காவது தழும்பு தடித்து வளரும் வழக்கம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் குத்த வேண்டாம்.

ஆற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை கம்மலை மாற்ற வேண்டாம். தினம் இரண்டு வேளை, மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் நீரால் துடைத்தால் போதும். அளத்து உப்பைக் கரைத்து ஊற்றும் வைத்தியம் வேண்டாம். அதில் மண்ணும் கசப்பும் கலந்திருக்கும். எண்ணெய், மஞ்சள், சாம்பல் எதுவும் வேண்டாம்.

ஒளுச் செய்யும் பிள்ளைகள் காதை மெதுவாகத் தடவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுக்கட்டும். கடமையான குளிப்பில் புண்ணுள்ள ஓட்டையை எப்படிக் கழுவுவது என்று பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கம்மலால் காது புண்ணாகி, மருத்துவரிடம் போகச் செலவுக்கு வழியில்லாதவர்கள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். கழற்றிய கம்மலையும் மறக்காமல் கொண்டு வாருங்கள், மருத்துவர் அதைப் பார்க்க வேண்டியிருக்கும்.