இடைவெளி எத்தனை? ரிங் எத்தனை?

ஜங்லிகாட், அந்தமான் தலைநகரில் கடலை ஒட்டி இருக்கும் பகுதி. மீன்பிடிப் படகுகள் இங்கே கரைக்கு வரும். தமிழ், தெலுங்கு, வங்காளம், இந்தி என்று பல மொழிகள் ஒரே தெருவில் கேட்கும். நகரத்துக்கு முன்பு போர்ட் பிளேர் என்று பெயர். 2024-ல் அதை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்கள். பழைய பெயர்தான் பலருக்கு முதலில் வாயில் வருகிறது.

இங்கே வீடு கட்டுவது எளிதான காரியம் இல்லை. சிமெண்டும் கம்பியும் கப்பலில் வரவேண்டும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் வழி. 2002-ல் உச்ச நீதிமன்றம் இந்தத் தீவுகளில் மரம் வெட்டுவதற்கும் கடற்கரை மணல் எடுப்பதற்கும் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. எந்தப் பொருளையும் வீணாக்க முடியாது. தப்பாக வெட்டிய ஒரு துண்டுக் கம்பிக்கும் கப்பல் கூலி கொடுத்திருக்கிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று காலையில் பூமி அதிர்ந்தது. பிறகு கடல் உள்ளே வந்தது. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் நில நடுக்க ஆபத்து மிக அதிகம். ஆகையால் இங்கே தூணில் கம்பி கட்டுகிறவர் போடும் கணக்கு வெறும் கூலிக் கணக்கு அல்ல.

தூணுக்குள் நிற்கும் கம்பிகளைச் சுற்றி ரிங் போடுகிறோம். ரிங் எதற்கு? விதைநெல்லைக் கோட்டை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வைக்கோல் பிரியை நெருக்கமாகச் சுற்றுவார்கள். சுற்று நெகிழ்ந்தால் நெல் சிதறிவிடும். தூணும் அப்படித்தான். பூமி ஆடும்போது தூணின் மேல்முனையும் கீழ்முனையும்தான் அதிகம் வதைபடும். அங்கே ரிங் நெருக்கமாக இருந்தால் உள்ளே இருக்கும் கான்கிரீட் சிதறாது. நிற்கும் கம்பியும் வளைந்து வெளியே பிதுங்காது.

சரி, எத்தனை ரிங் வேண்டும்? ஒரு மேஸ்திரியும் வேலைக்குப் புதிதாக வந்த ஒரு தம்பியும் இப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

"அண்ணே, பத்தடித் தூணுக்கு எத்தனை ரிங் வெட்டணும்?"

"நீயே சொல்லு தம்பி. பத்தடி எத்தனை அங்குலம்?"

"ஓர் அடிக்குப் பன்னிரண்டு. பத்தடிக்கு நூற்றி இருபது."

"ஆறு அங்குலத்துக்கு ஒரு ரிங் என்றால்?"

"நூற்றி இருபதை ஆறால் வகுத்தால் இருபது. இருபது ரிங் அண்ணே."

"இருபது என்பது ரிங் இல்லை. அது இடைவெளி. கையை விரி. விரல் எத்தனை?"

"ஐந்து."

"விரலுக்கும் விரலுக்கும் நடுவில் சந்து எத்தனை?"

"நாலு."

"அப்போ?"

தம்பி கையைப் பார்க்கிறார். "இருபது இடைவெளிக்கு இருபத்தொரு ரிங்."

"ஆமாம். இன்னும் கணக்கு முடியவில்லை. பிளானைப் பார்."

பிளானில் ஆறு அங்குலம் என்று தூண் முழுவதும் போடவில்லை. அடியில் 2 அடிக்கு 3 அங்குல இடைவெளி. உச்சியில் 2 அடிக்கு 3 அங்குல இடைவெளி. நடுவில் உள்ள 6 அடிக்கு மட்டும் 6 அங்குல இடைவெளி.

இப்போது கணக்கைப் பிரித்துப் போடுவோம்.

அடிப்பகுதி: 2 அடி = 24 அங்குலம். 24 ÷ 3 = 8 இடைவெளி.
நடுப்பகுதி: 6 அடி = 72 அங்குலம். 72 ÷ 6 = 12 இடைவெளி.
மேல்பகுதி: 24 ÷ 3 = 8 இடைவெளி.
மொத்தம்: 8 + 12 + 8 = 28 இடைவெளி.
ரிங்: 28 + 1 = 29.

முதலில் தம்பி சொன்னது 20. வேண்டியது 29. ஒன்பது ரிங் குறைந்திருக்கும். கான்கிரீட் போட்டு மூடிய பிறகு யாருக்கும் அது தெரியாது. பூமி ஆடும்போது தூணுக்குத் தெரியும்.

இந்த அளவுகள் ஓர் எடுத்துக்காட்டுதான். உங்கள் வேலைக்கு எஞ்சினியர் தரும் பிளானில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அளவு. அதை வாசிக்கத் தெரிந்தால் கேள்வியும் கேட்கலாம்.

அடுத்தது, ஒரு ரிங்குக்கு எவ்வளவு நீளம் வெட்டவேண்டும்? தூண் 12 அங்குலத்துக்கு 12 அங்குலம் சதுரம். கம்பியை மூடி எல்லாப் பக்கமும் ஒன்றரை அங்குலம் கான்கிரீட் நிற்கவேண்டும். இதைக் கவர் என்பார்கள். கடல் காற்றில் உப்பு உண்டு. கவர் குறைந்தால் கம்பி துருப்பிடிக்கும், கான்கிரீட் வெடிக்கும். ஜங்லிகாட் போன்ற கரையோர இடத்தில் இதில் கஞ்சத்தனம் கூடாது. இரண்டு பக்கமும் ஒன்றரை, ஒன்றரை, மொத்தம் 3 அங்குலம். 12-ல் 3 போனால் 9. ஆகவே ரிங் 9 அங்குலச் சதுரம். நான்கு பக்கம்: 9 × 4 = 36 அங்குலம். இரண்டு முனையிலும் கொக்கிக்கு 3, 3 அங்குலம். 36 + 6 = 42 அங்குலம்.

கொக்கி எப்படி மடங்கவேண்டும்? பலர் நேர் மூலையாக, அதாவது 90 டிகிரி மடக்கி விட்டுவிடுகிறார்கள். அது போதாது. அதற்கு மேல் இன்னும் அரை மூலை, அதாவது 45 டிகிரி, தூணின் உள்பக்கமாக மடக்கவேண்டும். 90 + 45 = 135 டிகிரி. வெளித்தோல் கான்கிரீட் உதிர்ந்தாலும் உள்ளே பதிந்த கொக்கி பிடியை விடாது.

ஒரு முழுக் கம்பி 12 மீட்டர். அது ஏறத்தாழ 472 அங்குலம். 472-ஐ 42-ஆல் வகுத்தால் 11 ரிங் கிடைக்கும். 10 அங்குலத் துண்டு மிஞ்சும். இரண்டு கம்பியில் 22 ரிங். 29 வேண்டும். ஆகவே மூன்று கம்பி எடுக்கவேண்டும். மூன்றில் 33 வரும். மிச்சம் நான்கு ரிங்கை அடுத்த தூணுக்கு வைத்துக்கொள்ளலாம். தூண் தூணாகக் கணக்குப் போடாமல் எல்லாத் தூணுக்கும் சேர்த்துப் போட்டால் கம்பி மிச்சமாகும்.

தொழிலாளிகள் கம்பியை நூல் கணக்கில் சொல்வார்கள். 8 நூல் ஓர் அங்குலம். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். ஆகவே ஒரு நூல் 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். 4 நூல் கம்பி என்றால் அரை அங்குலம். கடை பில்லில் அது 12 மி.மீ. என்று இருக்கும். இரண்டு மொழியும் தெரிந்திருப்பது நல்லது. வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று பேசுகிறோம் அல்லவா, அப்படி!

கம்பியின் எடையை அறிய ஒரு சுருக்கு வழி உண்டு. கம்பியின் தடிமனை மில்லிமீட்டரில் எடுங்கள். அதை அதாலேயே பெருக்குங்கள். 162-ஆல் வகுங்கள். ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். இந்த 162 ஆகாயத்திலிருந்து வரவில்லை. ஒரு கன மீட்டர் இரும்பு 7,850 கிலோ. அதை வைத்துப் போட்ட கணக்குதான் இது.

12 மி.மீ. கம்பி: 12 × 12 = 144. 144 ÷ 162 = 0.889 கிலோ. 12 மீட்டருக்கு ஏறத்தாழ 10 கிலோ 670 கிராம்.
8 மி.மீ. கம்பி: 8 × 8 = 64. 64 ÷ 162 = 0.395 கிலோ. 12 மீட்டருக்கு 4 கிலோ 740 கிராம்.

தடிமன் 12-லிருந்து 8 ஆகும்போது எடை பாதிக்கும் கீழே போய்விடுகிறது. பார்வைக்கு வித்தியாசம் கொஞ்சம்தான். கணக்கில் அது பெரிது.

பத்து முழுக் கம்பி, 12 மி.மீ., வாங்குகிறீர்கள். 107 கிலோ அளவில் வரவேண்டும். சிறிது கூடலாம், சிறிது குறையலாம். பில்லில் 120 கிலோ என்று இருந்தால் மறுபடி எடை போடச் சொல்லுங்கள். கம்பி கட்டும் கூலியும் பல இடங்களில் எடைக் கணக்கில்தான். எத்தனை கிலோ கட்டினோம் என்பது தொழிலாளியின் நோட்டிலும் இருக்கவேண்டும். ஒப்பந்தக்காரரின் நோட்டில் மட்டும் இருந்தால் போதாது.

ரிங் சதுரமாக இருக்கிறதா என்று பார்க்க மூலைக்கு மூலை குறுக்கே அளக்கவேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சரி. அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டும்போது வேறு வழி உண்டு. ஒரு பக்கம் 6 அடி, மறு பக்கம் 8 அடி குறியுங்கள். குறுக்கே 10 அடி வந்தால் மூலை மட்டம் சரி. 3, 4, 5 என்றும் போடலாம். பெரிய அளவாக எடுத்தால் பிழை குறையும். நம் நாட்டில் பழைய சுல்ப சூத்திர நூல்களிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. இன்றைய ஐ.டி.ஐ.களில் தொழிற்கூடக் கணக்கும் சொல்லித் தருகிறார்கள்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

தூண் 9 அடி உயரம். அடியில் 2 அடிக்கும் உச்சியில் 2 அடிக்கும் 3 அங்குல இடைவெளி. நடுவில் 6 அங்குல இடைவெளி. ரிங் ஒன்றுக்கு 42 அங்குலம்.

1. நடுப்பகுதி எத்தனை அடி?
2. மொத்த இடைவெளி எத்தனை?
3. ரிங் எத்தனை?
4. 12 மீட்டர் கம்பி எத்தனை வேண்டும்?
5. 8 மி.மீ. கம்பி என்றால் வாங்கும் கம்பியின் மொத்த எடை என்ன?

விடை: 1) 5 அடி. 2) 8 + 10 + 8 = 26. 3) 27. 4) 3 கம்பி. 5) 14 கிலோ 220 கிராம்.