ஒரே கரி, இரண்டு விலை

புழல்
ஞாயிறு மாலை

அன்புள்ள மருமகளுக்கு,

நிச்சயதார்த்த மோதிரத்துக்கு அரை காரட்டில் கல் பார்த்திருக்கிறாய். பூமியிலிருந்து எடுத்தது ஒரு விலை, ஆய்வகத்தில் வளர்த்தது அதில் சின்னப் பங்கு. அம்மா ‘ஒரிஜினல்தான் வேணும்’ என்கிறாள். மாப்பிள்ளையோ ‘ரெண்டும் ஒண்ணுதானே, எதுக்குக் கொட்டிக் குடுக்கணும்?’ என்கிறார். நகைக்கடையில் காலம் தள்ளிய மாமா தீர்ப்புச் சொல்லட்டும் என்று எழுதியிருக்கிறாய். தீர்ப்பு கடைசியில், முதலில் கல்லைப் பார்ப்போம்.

ஆய்வகக் கல் போலி இல்லை என்று அம்மாவிடம் சொல். ‘அமெரிக்கன் டைமண்ட்’ என்று விற்கிறார்களே, அது சிர்கோனியம் சேர்ந்த வேறு பொருள். திருச்சிப் பக்கம் குடிசைத் தொழிலாகப் பட்டை தீட்டிய செயற்கைக் கல்லும் வைரம் அல்ல. ஆய்வகக் கல்லோ முழுக்கக் கார்பன். மெல்லிய வைரத் தகடு ஒன்றை விதையாக வைத்து, மூடிய அறைக்குள் மீத்தேனையும் ஹைட்ரஜனையும் செலுத்தி, நுண்ணலையால் ஆயிரம் டிகிரி அளவுக்குச் சூடேற்றுகிறார்கள். மீத்தேனில் இருக்கும் கார்பன் பிரிந்து விதையின் மேல் படியும். சில வாரங்களில் கல் தயார். இதுதான் சி.வி.டி. முறை. வேறொரு முறையில், 1954 டிசம்பரிலேயே, அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் டிரேசி ஹால் பேரழுத்தத்தில் வைரம் செய்து காட்டிவிட்டார். பூமி இதே வேலையை நூற்றைம்பது கிலோமீட்டர் ஆழத்தில், கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் செய்து முடித்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இயற்கை வைரங்களில் பெரும்பாலானவற்றில் நைட்ரஜன் கலந்திருக்கும். அது அநேகமாக இல்லாத கற்களை ‘டூ ஏ’ வகை என்பார்கள். கோல்கொண்டா வைரங்களின் பெருமையே அந்தத் தெளிவுதான். இன்று சி.வி.டி. இயந்திரத்திலிருந்து வரும் கற்களில் பெரும்பாலானவை அதே வகை. ஆக, நீ இயற்கைக் கல்லுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு தூய்மைக்கு அல்ல.

பின் எதற்கு? கிடைப்பதற்கு அரியது என்பதற்கு. அந்த அருமைக்கும் ஓர் ஆள் வந்து விலை சொன்னால்தான் மதிப்பு. நம் வடசென்னைக்கே இதில் பழைய அனுபவம் இருக்கிறது. ஜார்ஜ் டவுனில் பவழக்காரத் தெரு இருக்கிறதல்லவா? இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்திலிருந்து யூத வணிகர்கள் பவழம் கொண்டுவந்து இறக்கி, பதிலுக்கு வைரம் ஏற்றிய காலத்தின் பெயர் அது. பிரேசிலில் வைரம் கிடைக்கும்வரை, அதாவது 1720கள் வரை, உலகச் சந்தைக்கு வைரம் என்றால் பெரும்பாலும் இந்தியாதான். அதில் பெரும்பங்கு கிருஷ்ணா நதிப்பக்கச் சுரங்கங்களுடையது.

அப்போது புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக இருந்தவர் தாமஸ் பிட். ஜாம்சந்த் என்ற வியாபாரி 410 காரட் முரட்டுக் கல் ஒன்றை அவரிடம் கொண்டுவந்து இரண்டு லட்சம் வராகன் பொற்காசு கேட்டார். பேரம் இழுத்துக்கொண்டே போய், 48,000 வராகனில் முடிந்தது. 1702இல் பிட்டின் மகன் கல்லை லண்டனுக்குக் கொண்டுபோனார்; பட்டை தீட்டிய பிறகு நூற்று நாற்பது காரட் சொச்சம் தேறியது. அதன் பிறகுதான் சங்கடம். ஐரோப்பாவின் அரண்மனைகளில் காட்டியும் வாங்க ஆளில்லை. 1717இல்தான் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த ஓர்லியான் கோமகன் 1,35,000 பவுண்டுக்கு வாங்கினார். கல் இப்போது லூவ்ர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது. அப்படிப்பட்ட கல்லே பத்து வருஷத்துக்கு மேல் விலைபோகாமல் கிடந்ததென்றால், உன் அரை காரட்டை அவசரத்துக்கு எவ்வளவுக்கு விற்க முடியும் என்று நீயே யோசி.

அதனால்தான் ‘ஒரிஜினல் என்றால் சேமிப்பு’ என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை. செங்குன்றத்தில் எந்த அடகுக் கடைக்கும் போ, வங்கிக்கும் போ. கல் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்குத்தான் பணம் தருவார்கள். வாங்கிய கடையே திரும்ப எடுத்தாலும் ‘எக்ஸ்சேஞ்ச்’ ஒரு கணக்கு, ‘பைபேக்’ இன்னொரு கணக்கு. முன்னதில் வேறு நகை எடுத்தால்தான் மதிப்பு. பின்னதுதான் கையில் வரும் காசு. இயற்கைக் கல்லுக்குக் கொஞ்சம் மிஞ்சும். ஆய்வகக் கல்லுக்கு அநேகமாக ஒன்றும் மிஞ்சாது.

ஏன் மிஞ்சாது? சுரங்கத்தைக் கூட்ட முடியாது, இயந்திரத்தைக் கூட்டலாம். சீனாவிலும் நம் சூரத்திலும் கூட்டித் தள்ளிவிட்டார்கள். சுரங்க வைரத்தையே காலமெல்லாம் விற்ற டி பியர்ஸ் நிறுவனம் 2018இல் ‘லைட்பாக்ஸ்’ என்ற பெயரில் ஆய்வகக் கல்லை காரட் 800 டாலருக்கு இறக்கியது. 2024இல் சாதாரண ரகத்தை 500 டாலராகக் குறைத்தது. அதே வருஷம் நகைக்காக வைரம் வளர்ப்பதை நிறுத்தப்போவதாகச் சொல்லி, 2025இல் கடையையே மூடுவதாக அறிவித்துவிட்டது. இந்த விலைச் சரிவு வாங்குகிறவளுக்கு லாபம், விற்க நினைப்பவளுக்கு நஷ்டம்.

இது எங்கே போய் முடியும்? முன்னுதாரணங்கள் இரண்டு, ஒன்றுக்கொன்று எதிரானவை. தூத்துக்குடியிலும் மன்னாரிலும் குளித்தெடுத்த முத்து ஒரு காலத்தில் ராஜ சம்பத்து. ஜப்பானில் மிக்கிமோட்டோ 1893இல் முத்து வளர்த்துக் காட்டினார். இன்று கடையில் முத்து மாலை என்றால் வளர்ப்பு முத்துதான், யாரும் கேட்பதுகூட இல்லை. மாணிக்கத்தின் கதை வேறு. பிரான்சின் வெர்னுய் 1902இல் செயற்கை மாணிக்கத்தை வெளியிட்டார். அது கடிகாரத்துக்குள்ளும் மலிவு நகையிலும் போய்ச் சேர்ந்தது. பர்மா மாணிக்கத்தின் மதிப்போ இன்றும் நிற்கிறது. என் கணிப்பு, பெரிய வைரம் மாணிக்கத்தின் வழியில் போகும்; தோட்டிலும் மூக்குத்தியிலும் பதிக்கும் பொடிக் கல் முத்தின் வழியில் போகும். உன் அரை காரட் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

‘ஆய்வகக் கல் சுற்றுச்சூழலுக்கு நல்லது’ என்று விற்பனைப் பெண் சொன்னாளாமே. சுரங்கம் தோண்டவில்லை என்பது சரிதான். ஆனால் அந்த அறை வாரக்கணக்கில் மின்சாரம் குடிக்கும். எண்ணூர் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பலைப் பார்த்த ஊர்க்காரி நீ. ‘எந்த மின்சாரம்?’ என்று கேள். காற்றாலை, சூரிய ஒளி என்று ஆதாரத்தோடு பதில் வந்தால் ஒப்புக்கொள்.

விரலில் போடுவதற்கு மட்டும்தான் வைரம் என்று நினைக்காதே. 2023இல் மத்திய அரசு சென்னை ஐ.ஐ.டி.க்கு ஆய்வக வைர ஆராய்ச்சிக்காக ஐந்து வருஷத்துக்கு 242 கோடி ரூபாய் ஒதுக்கியது. செம்பைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு வெப்பத்தைக் கடத்தும் பொருள் இது. மின்னணுச் சில்லுகளின் சூட்டை இறக்க உதவும். அங்கே மலிவாவதுதான் பெருமை.

சரி, தீர்ப்பு. மோதிரம் ஆசைக்கு என்றால் ஆய்வகக் கல்லை எடு. அந்தப் பணத்தைப் புடவைச் செலவு, மண்டபச் செலவு போலப் போனதாகவே எழுதிவிடு. மிச்சமாகும் தொகைக்குத் தங்கக் காசு வாங்கி வை, அம்மாவும் அடங்குவாள். பூமியில் கிடந்த பழமைதான் உன் மனசுக்கு வேண்டும் என்றால் இயற்கைக் கல் எடு, அதுவும் தப்பில்லை; சேமிப்பு என்று மட்டும் சொல்லாதே.

எதை எடுத்தாலும் பில்லில் ‘இயற்கை’ அல்லது ‘ஆய்வகம்’ என்று எழுதி வாங்கு. ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தரத்தை மட்டுமே சொல்லும், கல்லைப் பற்றி வாய் திறக்காது. கல்லுக்குத் தனிச் சான்றிதழ் கேள். அதன் எண் கல்லின் விளிம்பில் லேசரால் பொறித்திருந்தால் இரண்டும் ஒன்றா என்று பார். கடைக்காரர் பேனா மாதிரி ஒரு கருவியை வைத்து, ‘பீப்’ அடித்ததும் ‘ஒரிஜினல்’ என்று சொன்னால் நம்பிவிடாதே. சாதாரணக் கருவி வெப்பம் கடத்துவதைத்தான் பார்க்கும், ஆய்வகக் கல்லுக்கும் அடிக்கும்.

சௌகார்பேட்டைக்குக் கல் வாங்கப் போகும் அன்று சொல், நானும் வருகிறேன். என் பழைய லென்ஸையும் கொண்டுவருவேன். கீறல், புள்ளி பார்க்க உதவும். எது எந்தக் கல் என்பதை மட்டும் அந்த லென்ஸாலும் சொல்ல முடியாது.

அன்புடன்,
மாமா