உணவுக்கு எழுதிய மருந்துத் துண்டு



மருத்துவ பீட மாணவர் சிலர் கொப்பியும் பேனையுமாக உங்கள் கொட்டிலுக்கு வந்திருக்கக்கூடும். வீட்டில் எத்தனை பேர், கிணறு எங்கே, மலசலகூடம் உண்டா என்று கேட்டிருப்பார்கள். "எழுதிக்கொண்டு போவார்கள், பிறகு ஒன்றும் நடவாது" என்று நீங்கள் சலித்திருப்பீர்கள். அந்தச் சலிப்பில் நியாயம் உண்டு. ஆயினும் அவ்வாறு வீடு வீடாகப் போய்க் கற்ற ஒரு மாணவரின் கதையைக் கேளுங்கள்.

தென்னாபிரிக்காவின் அப்போதைய நேட்டால் மாகாணத்தில் பொலேலா ஒரு வறிய கிராமப்பகுதியாக இருந்தது. 1940இல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற வைத்தியத் தம்பதியர் அங்கு ஒரு சுகாதார நிலையத்தைத் தொடங்கினர். மருந்து கொடுப்பதோடு நில்லாமல், வீடுகளைக் கணக்கெடுத்து, எந்த நோய் ஏன் வருகிறது என்று தேடினர். மரக்கறித் தோட்டங்களை ஊக்குவித்தனர். சிபிலிஸ் என்ற பாலியல் நோய் அங்கு பரவியிருந்தது. பிழைப்புக்காக ஆண்கள் சுரங்கங்களுக்கும் நகரங்களுக்கும் போகவேண்டியிருந்தது. குடும்பத்தைக் கூட்டிச்செல்ல வழியில்லை. நோயாளிக்கு ஊசி உண்டு. குடும்பத்தைப் பிரிக்கும் ஏற்பாட்டுக்கு ஊசி ஏது? இதனை 1949இல் கார்க் மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்.

1957இல் ஜக் கைகர் என்ற அமெரிக்க மருத்துவ மாணவர் இத்தம்பதியரிடம் வந்து சில மாதங்கள் பயின்றார். சட்டமும் கூலியும் நிலமும் நோயாளியின் உடம்பில் எப்படி வந்து நிற்கின்றன என்பதே அவர் கற்ற பாடம். சுகாதாரக் கொள்கை என்று பீடங்களில் சொல்வது இதைத்தான்.

பத்து ஆண்டுகளின் பின், 1967இல், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் மவுண்ட் பாயூ என்ற ஊரில் கைகரும் தோழர்களும் ஒரு சுகாதார நிலையத்தைத் திறந்தனர். டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ பீடம் பொறுப்பேற்றது; பணம் அரசினுடையது. பருத்தித் தோட்டங்களில் வாரத்துக்கும் கூலிக்கும் உழைத்த கறுப்பின மக்கள், இயந்திரமும் களைகொல்லியும் வந்தபின் வேலையிழந்திருந்தனர். செழித்த மண்ணில் பசித்த பிள்ளைகள். இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அங்கே வைத்தியர்கள் மருந்துத் துண்டில் உணவை எழுதினார்கள். ஊர்க்கடைகள் சாமான் கொடுத்தன. செலவு நிலையத்தின் மருந்துக் கணக்கில் விழுந்தது. மருந்துப் பணத்தில் சாப்பாடா என்று மேலிடத்திலிருந்து ஆட்சேபம் வந்தது. மந்தபோசணைக்கு மருத்துவ நூல் சொல்லும் மருந்து உணவுதானே என்றார் கைகர். அதற்கு அவர்களிடம் மறுமொழி இருக்கவில்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது அடுத்து நடந்தது. மக்கள் துண்டோடு நிற்கவில்லை. ஜோன் ஹச் என்ற சமூக அமைப்பாளரின் துணையோடு கூட்டுறவுப் பண்ணை ஒன்றை அமைத்தார்கள். பருத்தி விளைந்த மண்ணில் தங்கள் பிள்ளைகளுக்காகக் கௌபியும் கீரையும் வெண்டியும் வற்றாளையும் விளைவித்தார்கள். நிலையமோ கிணறுகளையும் மலசலகூடங்களையும் மருத்துவ வேலையாகவே செய்தது.

ஆகவே மாணவர் வரும்போது பிள்ளையின் சிரங்கை மட்டும் காட்டி அனுப்பாதீர்கள். தண்ணீர் அள்ளும் இடத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள். உங்கள் வயல் எங்கே கிடக்கிறது, ஏன் போகமுடியவில்லை என்று சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிப் பிழையைத் திருத்துங்கள். ஒரு பிரதியை வாங்கி, சங்கத்தின் கடிதத்தோடு சுகாதார வைத்திய அதிகாரிக்கும் பிரதேச செயலாளருக்கும் கொடுங்கள். எண்ணிக்கை மாணவருடையது, சாட்சி உங்களுடையது. இரண்டும் சேர்ந்த கடிதத்தை ஒதுக்கிவைப்பது கடினம்.

குழுவாகக் கலந்துரையாட:

சென்ற மாதம் நம்மிடையே எத்தனை பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது? அவர்கள் எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தார்கள்?

அந்தக் கிணற்றுக்குப் பொறுப்பானவர் யார்? அவரிடம் யார் யார் போவது, எந்த நாளில்?