கர்சோனும் கசூரும்

பிரெஞ்சு மொழியில் சிறுவனைக் ‘கர்சோன்’ என்பர். உணவு விடுதியில் பரிமாறுபவரையும் முன்பு அச்சொல்லாலேயே அழைத்தனர். இன்று அவ்வாறு அழைப்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. அதற்குக் காரணம் உண்டு. 12ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சில் அச்சொல் ஏவலாளையும் இழிந்தவனையும் குறித்தது. பிராங்கியர் பேசிய ஜெர்மானிய மொழியே அதன் பிறப்பிடம் என்றும், நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டவன் என்பதே முதற்பொருள் என்றும் மொழிநூலார் கருதுவர். அதே வேரிலிருந்து கிளைத்த ‘ரெக்கெ’ ஜெர்மன் மொழியில் வீரனைக் குறிக்க, ‘ரெச்’ ஆங்கிலத்தில் இரங்கத்தக்கவனைக் குறிக்கிறது.

1169இல் நார்மானியர் அயர்லாந்தில் வந்திறங்கினர். அவர்தம் பிரெஞ்சுச் சொற்கள் பல ஐரிஷ் மொழியில் கலந்தன. கர்சோன் என்பது தெற்கே மன்ஸ்டரில் ‘கர்சூன்’ எனவும், மேற்கிலும் வடக்கிலும் ‘கசூர்’ எனவும் திரிந்தது.

இனி, இச்சொல்லின் பெண்பால் வடிவத்தை நோக்குவோம். பழைய பிரெஞ்சில் ‘கர்ஸ்’ என்றால் சிறுமி. இன்றோ அது பெண்ணை ஏசும் வசைச்சொல். ஏவலாளாக இருந்த ஆண்பாற்சொல் சிறுவனாக உயர, சிறுமியைக் குறித்த பெண்பாற்சொல் வசையாகத் தாழ்ந்தது. இதனை ‘இழிபொருட்பேறு’ என மொழியியல் வகைப்படுத்தும். ஆயினும், ஒரே குடும்பத்துச் சொற்களுள் பெண்பாற்சொல் மட்டும் ஏன் தாழ்ந்தது என்னும் வினாவிற்கு அப்பெயர் விடையாகாது. பெண்ணைப் பற்றிய சமூகத்தின் பார்வையிலேயே அவ்விடையைத் தேடல் வேண்டும்.

அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கானமாராவில் நிலை வேறு. இலக்கணப்படி கசூர் ஆண்பாற்சொல்லே. எனினும் அங்குள்ளோர் சிறுமியையும் கசூர் என்றே சுட்டுவர்.